புள்ளி வைத்த எழுத்தும் டிஸ்லெக்சியா பயிற்சியும்

"புக்" என்ற ஆங்கிலச் சொல்லில் எத்தனை ஒலிகள்? மூன்று. மேசையில் வண்ண வில்லைகளைப் பரப்பி, ஒலிக்கு ஒன்றாக நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளில் பலர் நான்கை நகர்த்துவார்கள். வீட்டில் அது "புக்கு". பஸ், "பஸ்ஸு". ஸ்கூல், "இஸ்கூலு". பிள்ளையின் காதில் குறை இல்லை. கேட்டதைக் கேட்டபடியே எண்ணியிருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அப்படி முடியும் அயல்சொல் வந்தால் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் கற்றல் சிரமம், உள்ள பிள்ளைக்கு முறைப்படுத்தப்பட்ட வாசிப்புப் பயிற்சி தொடங்கும்போது இந்த ஓர் உகரம் பெரிய இடைஞ்சலாகும். "புக்கு" என்று நினைத்துக்கொண்டே எழுதும் பிள்ளை கடைசியில் ஒரு உயிரெழுத்தைச் சேர்க்கும். "இஸ்கூல்" என்று சொல்லும் பிள்ளை ஐ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். திருத்துவதற்கான கருவி நம் கையிலேயே இருக்கிறது: புள்ளி. "கு இல்லை கண்ணு, க்" என்று சொல்லி, தாளில் க எழுதி அதன் தலையில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுங்கள். உயிர் இல்லாத தனி மெய் என்றால் என்ன என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் புரியவைக்க நாள்கள் ஆகும். தமிழ்ப் பிள்ளைக்கு அதற்கென்று ஒரு குறியே உண்டு. சொல்லின் கடைசி ஒலியில் வாயை அப்படியே நிறுத்தச் சொல்லி, ஒரு கண்ணாடியையும் முன்னால் வைத்தால் போதும்.

எது டிஸ்லெக்சியா, எது வீட்டுமொழியின் தடம் என்று பிரித்தறிவதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது. இந்தப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் "பி" என்று எழுதினால் பஸ்ஸின் பியா, பேனாவின் பியா என்று தெரியாது. "டி" என்றால் டாக்டரின் டியா, டேபிளின் டியா? நம் எழுத்து இந்த இணைகளைப் பிரிப்பதில்லை; இடத்தை வைத்தே ஒலி மாறும். ஆகவே ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் இந்த ஒலியிணைகளை மட்டும் மாற்றிமாற்றி எழுதினால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைக் காட்டுங்கள். வாய்க்கு முன்னால் ஒரு கீற்று டிஷ்யூ காகிதத்தைப் பிடித்து "பென்" என்று ஆங்கில உச்சரிப்பில் சொன்னால் காகிதம் படபடக்கும். "பஸ்" என்றால் அசையாது. சில வாரங்களில் சரியாகிவிட்டால் அது மொழியின் தடம்தான்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. நேற்று பிசகில்லாமல் சொன்ன எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பது. மூன்று ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லியும் சேர்த்து ஒரு சொல்லாக்க முடியாமல் தவிப்பது. பழகிய பொருள்களின் பெயரைக்கூட நிதானித்துத் தேடுவது. அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இதே சிரமம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி தடுமாறுவது. இவை சேர்ந்து வந்தால் உளவியலாளரின் மதிப்பீடு தேவை. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வது அன்பினால். ஆனால் தொடக்கநிலை 1, 2இல் (பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில்) இழக்கும் காலத்தைப் பின்னால் மீட்பது கடினம்.

சிங்கப்பூரில் வழி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. தொடக்கநிலை 1இன் தொடக்கத்தில் பள்ளியே பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பைச் சோதித்து, தேவைப்படுவோரைக் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கிறது. எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழு, தினமும் அரை மணி நேரம். டிஸ்லெக்சியா இருப்பது தெரிந்தால் தொடக்கநிலை 3, 4இல் பள்ளியிலேயே நடக்கும் சிறப்புப் பயிற்சி உண்டு. அதில் நான்கு முதல் ஆறு பேர், வாரம் நான்கு முறை, முறைக்கு 45 நிமிடம். 2012இல் சில பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டம் 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வெளியே 1991 முதல் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் இயங்குகிறது. கல்வி அமைச்சின் ஆதரவோடு நடக்கும் அதன் முதன்மைப் பயிற்சிக்குக் கட்டண உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். நான் சொன்ன இந்தப் பயிற்சிகள் ஆங்கில வாசிப்புக்கானவை. தமிழ்ப் பக்கத்தை வீடும் தமிழாசிரியரும் சேர்ந்துதான் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முறைப்படுத்தப்பட்ட வாசிப்புப் பயிற்சிக்கு அடித்தளம் போட்டவர்கள் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் உளவியலாளர் ஆனா கில்லிங்ஹமும். 1920களிலும் 30களிலும் அவர்கள் வகுத்த கொள்கை இன்றும் மாறவில்லை. எதையும் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விடக்கூடாது. நேராகச் சொல்லித்தர வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். பழைய பாடம் ஒவ்வொரு நாளும் திரும்ப வர வேண்டும். பிள்ளை செய்யும் பிழைதான் அடுத்த பாடத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கொள்கையைத்தான் பலர் கைவிடுகிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் அடுத்த பக்கம் வந்துவிட்டது என்பதற்காக அடுத்த பாடத்துக்குப் போவது முறைப்படுத்தப்பட்ட பயிற்சி ஆகாது.

ஒரு பாடம் எப்படி நடக்கும்? முதல் மூன்று, நான்கு நிமிடம் அட்டைகள். எழுத்தைக் காட்டினால் பிள்ளை ஒலியைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அட்டைகளை மூன்று கட்டுகளாகப் போடுங்கள்: உடனே வந்தவை, தயங்கி வந்தவை, தவறியவை. தயங்கியதைச் சரி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று விநாடி யோசித்து வரும் எழுத்து, வாக்கியத்துக்குள் வரும்போது வராமலே போய்விடும்.

அடுத்து இதன் மறுபக்கம். நீங்கள் ஒலியைச் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். மணல் தட்டோ, அரிசி மாவு பரப்பிய தாம்பாளமோ எதுவானாலும் சரி. விரலால் எழுதும் அதே கணத்தில் வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். பேசாமல் கோலம் போடுவதுபோல் எழுதினால் பயனில்லை. மூன்றாவதாக, அட்டைகளை மூன்று கட்டுகளாக அடுக்கி, முன்னும் பின்னும் மெய், நடுவில் உயிர் என்று வைத்து, ஒன்றை மாற்றினால் சொல் மாறும்படி வாசிக்க வைப்பது. இங்கே "மிப்", "டாஃப்" என்று பொருளே இல்லாத சொற்களும் வரும். பெற்றோர் பலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். தெரிந்த சொல்லைப் பிள்ளை படம்போல் நினைவில் வைத்துச் சொல்லிவிடலாம். "மிப்" என்பதை அப்படிச் சொல்ல முடியாது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்திருக்கிறதா என்பது அங்கேதான் வெளிப்படும்.

அதற்குப் பிறகு புதிய பாடம், பத்து நிமிடம். ஒரே ஒரு செய்தி. இரண்டு கூடாது. பஸ்ஸின் பியும் டாக்டரின் டியும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கற்பிப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. ஒன்று யோசிக்காமல் வரும்வரை மற்றொன்றைத் தொடாதீர்கள். இடையில் சில வாரம் போகட்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி. ஆனாலும் அது தறிகெட்ட மொழி இல்லை. அசைகளை ஆறு வகைக்குள் அடக்கிவிடலாம். "கிட்" என்ற சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஓர் ஈ வந்தால் அது "கைட்" ஆகும். நடு உயிர் தன் பெயரையே சொல்லும். குறில் ஒலிக்குப் பிறகு ஓரசைச் சொல் க் என்று முடிந்தால் சி, கே இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்: "டக்", "சிக்". இதையெல்லாம் மற்றப் பிள்ளைகள் படிக்கப் படிக்கப் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு விதியாகவே சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தால் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அந்த விதியில் அமைந்த பத்துப் பதினைந்து சொற்களை வாசிப்பது, ஐந்தாறு சொற்களும் இரண்டு வாக்கியமும் எழுதுவது. எழுதும் முறை முக்கியம். சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒலிக்கு ஒரு விரலாக நீட்ட வேண்டும். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். எழுதியதை, எழுத நினைத்ததை அல்ல, எழுதியதைத் திரும்ப வாசிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டால் பிள்ளை தன் பிழையைத் தானே பிடிக்கும் பழக்கம் வராது. விதிக்கு அடங்காத "வாஸ்" (இருந்தது), "செட்" (சொன்னான்) போன்ற சொற்கள் ஒரு பாடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவற்றிலும் முழுச்சொல்லும் முரணாக இருக்காது. முரணான எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதிக்கொடுத்தால் போதும்.

பாடத்தின் முடிவில் ஒரு சிறு பத்தி வாசிப்பு. இதுவரை கற்ற எழுத்துகளும் விதிகளும் மட்டுமே அதில் இருக்க வேண்டும். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுமாறினால் அது அந்தப் பிள்ளைக்கு இன்னும் உரிய பத்தி அல்ல, எளியதை எடுங்கள். தடுமாறும் இடத்தில் உடனே சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகும் வரவில்லை என்றால் சொல்லைத் தராதீர்கள், முதல் ஒலியைத் தாருங்கள். "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் தொடக்கநிலை 2 வரை கைகொடுக்கும். படமில்லாத பக்கம் வந்ததும் பிள்ளையைக் கைவிட்டுவிடும்.

இனி தமிழ். ஆங்கிலப் பாடத்தின் வரிசையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. 247 எழுத்துகளையும் அட்டவணைப்படி மனப்பாடம் செய்ய வைப்பதும் உதவாது. அட்டவணையை அழகாக ஒப்பிக்கும் பிள்ளை, நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும். அது பாட்டு, வாசிப்பு அல்ல.

ட, ப, ம, க, ல ஆகிய ஐந்தோடு தொடங்குங்கள். அதோடு புள்ளி. இவ்வளவிலேயே படம், கடல், மடல், பட்டம், பக்கம் என்று சொற்கள் கிடைத்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை சொல்லை வாசிக்கும். பிறகு துணைக்கால்: பால், கால், பாடம், மாமா, காலம். பொருளில்லாச் சொல்லும் வேண்டும்: டமல், பலடம். அதன்பிறகு இகர, ஈகாரக் குறிகள். உகரத்தைத் தள்ளிப்போடுங்கள். தமிழில் மற்றக் குறிகள் பெரும்பாலும் ஒரே வடிவம். உகரமும் ஊகாரமும்தான் எழுத்துக்கு எழுத்து மாறும். உகரத்தைக் குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள். சு, பு, யு, வு ஒரு குடும்பம்: கீழே ஒரு கோடு இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று: எழுத்தோடு சேர்ந்து வளையும். து, நு, ணு, லு, று, னு மூன்றாவது: கோடு கீழிருந்து வலப்பக்கமாக மேலேறும். ஒரு குடும்பம் நிலைத்த பிறகே அடுத்தது.

கொம்பு தனிப் பிரச்சினை. "மெ" என்பதில் ஒலி ம்-இல் தொடங்குகிறது; கண்ணோ முதலில் கொம்பில் முட்டுகிறது. பிள்ளை ம எழுதிவிட்டு, இடமில்லாமல் இடப்பக்கம் கொம்பைச் செருகும். இதற்கு நல்ல வழி, இடக்கை ஆள்காட்டி விரலைக் கொம்பின் மேல் வைத்துத் தொட்டுவிட்டு, கண்ணை மெய்க்குக் கொண்டுபோய், மெய்யும் உயிருமாகச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வது. "மொ" போல இருபுறமும் குறி வரும்போது இரு கை விரலும் வேண்டும். கைபேசியில் தமிழ் தட்டும்போது மெய்தான் முதலில், கொம்பு பிறகு. ஒலியின் வரிசை அதுவே. கையெழுத்துத் தடுமாறும் பிள்ளைக்குத் தட்டச்சும் ஒரு பாடம்தான்.

ர என்ற எழுத்தும் துணைக்காலும் பல அச்செழுத்துகளில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். "மரம்" என்பதை "மாம்" என்று வாசிக்கும் பிள்ளை கவனமில்லாத பிள்ளை அல்ல. ரவின் அடியில் உள்ள சாய்ந்த வால் தெளிவாகத் தெரியும் அச்செழுத்தைத் தேர்ந்தெடுங்கள்; சில வாரம் ரவுக்கு மட்டும் வண்ணம் தீட்டிக் கொடுங்கள். தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். 1978க்கு முந்தைய அச்சில் லை, னை, ணை எல்லாம் வேறு வடிவில் இருக்கும்.

க ஒன்றே பல ஒலி தருகிறதே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இதில் தமிழ் மிக ஒழுங்கானது. கல், பக்கம்: முதலிலும் இரட்டித்தும் வந்தால் வல்லொலி. தங்கம்: இன மெல்லினத்துக்குப் பின் அதிர்வொலி. பகல்: இரு உயிருக்கிடையில் மெல்லொலி. ட, த, பவும் ஏறக்குறைய இதே வழிதான். பட்டு, வண்டு, வீடு. பத்து, பந்து, அது. அப்பா, பாம்பு, கோபம். மூன்று நிரல் போட்டுச் சொற்களைப் பிரித்து அடுக்க வைத்தால், விதியைப் பிள்ளையே சொல்லிவிடும்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பெரிய சுவர், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிட்டு, "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளை உண்டு. "படிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றால் உடனே புரியும். இந்தப் பாலத்தையும் விதியாகக் கட்டலாம். அட்டையின் ஒரு பக்கம் "படிச்சு", மறுபக்கம் "படித்து". சிரிச்சு, சிரித்து. நினைச்சு, நினைத்து. வச்சு, வைத்து. வினைச்சொல்லில் எழுத்து வடிவின் இகரத்துக்கோ ஐகாரத்துக்கோ பின்னால் வரும் "த்து" பேச்சில் "ச்சு" ஆகிறது. எடுத்து, அழைத்து என்று கலந்து கொடுத்து, எது மாறும், எது மாறாது என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு நீளச் சொல்லை வெட்டுங்கள்: படித்து / கொண்டு / இருந்தார்கள். கள், ஐ, ஆல், இல், உடன் போன்ற ஒட்டுகளைத் தனி அட்டையாக்கிச் சேர்த்தும் பிரித்தும் வாசிக்க வையுங்கள். தமிழில் எழுத்துக்கு ஒலி பெரும்பாலும் உறுதி என்பதால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பிழையில்லாமல் வாசிக்கத் தொடங்கிவிடலாம். வேகம் மட்டும் வராது. "சரியாத்தானே வாசிக்கிறான், சோம்பல்" என்ற தீர்ப்பு பிறப்பது இங்கேதான். இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது, வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். சனிக்கிழமை ஒரே மூச்சில் ஒன்றே கால் மணி நேரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. சாப்பிட்டு, சற்று விளையாடிய பிறகு உட்காருங்கள். சொல்வதெழுதுதலுக்காக ஒரு சொல்லைப் பத்து முறை எழுத வைக்காதீர்கள். பிள்ளை முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து முறை, பிறகு இரண்டாம் எழுத்தை என்று நிரலாக எழுதும். ஒலி எங்கும் வராது. ஏழாவது வரியில் ஒரு பிழை நுழைந்தால் அதையே பத்தாவது வரைக்கும் பயிற்சி செய்யும். சொல்லி எழுதி, மூடி எழுதி, சரிபார்த்து, மூன்று முறை போதும். வண்ணக் கண்ணாடித் தாள்களுக்கும் வண்ணம் பூசிய மூக்குக்கண்ணாடிகளுக்கும் காசைச் செலவழிக்காதீர்கள். டிஸ்லெக்சியா கண்ணில் இல்லை. பாடத்திட்டத்தையே வேகமாகத் திரும்ப நடத்தும் துணைப்பாட வகுப்பைக் கூட்டுவதும் இதற்கு மருந்தல்ல.

இன்னொன்று, நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்தவே கூடாது. பிள்ளை வாசிக்கக்கூடிய நிலையைவிட மேலான கதைகளை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் கலந்து வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு பின்தங்கியதால் சொல்வளமும் பின்தங்கிவிடக் கூடாது.

தேர்வைப் பொறுத்தவரை, கூடுதல் நேரம், பெரிய அச்சு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தொடக்கநிலை 6 வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பேசுங்கள். கூடுதல் நேரத்தைப் பயன்படுத்தவும் பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும். தாய்மொழி விலக்கு கேட்கலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஒரேயடியாகத் தமிழை விடுவதற்கு முன், தொடக்கநிலை 5இல் அடிப்படை நிலைத் தமிழ் எடுப்பதைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு விலக்கே சரியான முடிவு. அதில் வெட்கம் எதுவும் இல்லை. விலக்கு கிடைத்தாலும் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தாதீர்கள். பேச்சு பிள்ளைக்குச் சுமை அல்ல. பெரும்பாலும் அதன் பலமே அதுதான்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நிமிட வாசிப்பு வையுங்கள். அந்த வாரத்து நிலையில் உள்ள பத்தி, கைபேசியில் ஒரு நிமிடம். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, கட்டத்தாளில் ஒரு புள்ளி. பக்கத்தில், தவறிய சொல்லையும் பிள்ளை அதை எப்படி வாசித்தது என்பதையும் அப்படியே எழுதுங்கள்: "மரம் – மாம்", "பகல் – பக்கல்". நான்கு வாரம் கோடு ஏறவில்லை என்றால் பாடம் வேகமாகப் போகிறது. இரண்டு படி பின்வாங்கி, தயங்கிய அட்டைகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பள்ளியில் சந்திப்புக்குப் போகும்போது மதிப்பெண் தாளோடு இந்தக் கட்டத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது ஆசிரியருக்கு அந்தத் தவறிய சொற்களில்தான் தெரியும்.